இடப்பக்கம் நின்றவர்

காலை எட்டு மணி நான்கு நிமிடம். ராஜகோபுரம் நிறுத்தத்தில் நின்றிருந்த டவுன் பஸ்ஸில் ஏறியதும் முதலில் கண்ணில் பட்டது ஒரு பச்சைக் கயிறும் அதன் முனையில் தொங்கிய விசிலும். கயிற்றுக்குரியவர் பின்படிக்கட்டை ஒட்டிய இருக்கையில் குனிந்து உட்கார்ந்திருந்தார்.

"வாங்கம்மா, வாங்க. அந்தக் கல்லைச் சுத்தி வாங்க. அவசரமில்ல" என்றார்.

நான் திரும்பிப் படிக்கட்டைப் பார்த்தேன். யாரும் ஏறவில்லை. சாலையில் கல்லும் இல்லை. அவர் பேசிக்கொண்டிருந்தது கையிலிருந்த போனுடன்.

இடது மூலையில் விரிசல் விட்ட அந்தப் போனில் பனி பெய்துகொண்டிருந்தது. மலைப்பாதையில் ஒரு வாள்வீரன் நின்றிருந்தான். அவனுக்குப் பத்தடி பின்னால், ஈட்டி பிடித்த ஒரு பெண் பாறையில் முட்டிக்கொண்டு நின்ற இடத்திலேயே நடந்துகொண்டிருந்தாள். வீரனை நகர்த்துவது ஆடுபவரின் விரல். அந்தப் பெண் துணைக்கு வருபவள். தானாக நடப்பாள், தானாகச் சண்டை போடுவாள், தானாகப் பாறையிலும் முட்டிக்கொள்வாள். இம்மாதிரி விளையாட்டுகளை ஆடியவர்களுக்குத் தெரியும், அவளுக்காக நிற்க வேண்டியதில்லை. நாம் பாட்டுக்கு முன்னே போனால் சற்று நேரத்தில் அவள் மாயமாக நம் பக்கத்தில் வந்து நிற்பாள். கண்டக்டருக்கும் அது தெரிந்திருந்தது. அவர் வீரனைத் திருப்பி, மலையில் கீழே இறக்கி, பாறையைச் சுற்றி அழைத்துப் போய், அவளுக்கு வழிகாட்டிக் கூட்டிவந்தார். அதற்குள் எட்டு பத்து ஆகிவிட்டது. போன் சட்டைப்பைக்குள் போனது. எழுந்து படிக்கட்டில் நின்று உடலை வெளியே சாய்த்து, வந்த வழியை முழுதாக ஒருமுறை பார்த்தார்.

"ஏறியாச்சா?"

யாரிடம் கேட்டார் என்று தெரியவில்லை. சாலையிடம் கேட்டிருக்கலாம். பிறகு இரண்டு விசில். பஸ் புறப்பட்டது.

நான் அப்போது தென்னூரில் ஒரு மாலைப் பத்திரிகையில் நிருபர். ஜாகை ஸ்ரீரங்கத்தில். எட்டு பத்துக்கு அந்தத் தனியார் பஸ்ஸைப் பிடித்தால் எட்டரைக்குச் சத்திரம் பேருந்து நிலையம். அங்கே ஏழு நிமிடம் நிற்கும். எட்டு முப்பத்தேழுக்குக் கிளம்பி மெயின்கார்டு கேட் போகும்போது நான் இறங்கி ஷேர் ஆட்டோ பிடிப்பேன். அந்த ஏழு நிமிடத்தில் கண்டக்டர் விளையாடுவார். ஏழு நிமிடத்தில் ஒரு ஓநாயைக் கொல்லலாம். இரண்டு ஓநாய்கள் வந்தால் இரண்டாவது ஓநாய் சென்ட்ரல் பஸ் நிலையம் வரை காத்திருக்கும். வண்டி ஓடும்போது அவர் போனைத் தொட்டு நான் பார்த்ததில்லை.

எங்கள் பழக்கம் ஆங்கிலத்தால் வந்தது. விளையாட்டில் எல்லாரும் ஆங்கிலம் பேசினார்கள். அவர் ஒவ்வொரு வரிக்கும் விரல் வைத்துப் படிப்பார்.

"சார், நீங்க பேப்பர்லதான இருக்கீங்க? கிரட்ஜ்னா என்ன?"

"ஒருத்தர் மேல உள்ள கோவத்தை மனசுலயே வச்சுக்கிட்டு இருக்கறது."

அவர் முகம் விழுந்தது. "அப்ப அந்தம்மாவுக்கு என் மேல அதுதான் இருக்கு."

"ஏன், ஓநாய்கிட்ட விட்டுட்டு ஓடிட்டீங்களா?"

"சேச்சே. ஒரு வீட்டுல ரொட்டி எடுத்தேன் சார். அவங்க பாத்துட்டாங்க."

ஈட்டிக்காரியை அவர் அந்தம்மா என்றுதான் சொல்வார். திரையில் அவள் தலைக்கு மேல் ஒரு சிறிய சிவப்புக் கோடு உண்டு. நாம் செய்வது அவளுக்குப் பிடித்தால் கோடு வளரும்; பிடிக்காவிட்டால் தேயும். முற்றிலும் தேய்ந்தால் அவள் போய்விடுவாள், திரும்ப வரமாட்டாள். ரொட்டி விவகாரத்தில் கோடு கால்வாசி தேய்ந்திருந்தது. கண்டக்டர் அந்த ஊருக்குத் திரும்பி நடந்து, ரொட்டியை அந்த வீட்டுத் தரையில் வைத்துவிட்டு, அந்தம்மா பார்க்கும்படி அதன் பக்கத்திலேயே நின்றார். எடுத்ததைத் திருப்பிக் கொடுப்பதற்கு அந்த விளையாட்டில் வழி கிடையாது. கோடு வளரவில்லை. ஆனாலும் இரண்டு நாள், சத்திரத்தில் ஏழேழு நிமிடம், அவர் அங்கேயே நின்றார்.

"அவங்களுக்குத் தெரியணும்ல சார்" என்றார்.

நானும் அந்த விளையாட்டை என் போனில் இறக்கினேன். தொழில் புத்தி, முதலில் விவரம் சேகரித்தேன். கரை கண்டவர்கள் இணையத்தில் எழுதியிருந்த குறிப்புகள் அத்தனையும் ஒரே குரலில் பேசின: துணையாள்களிலேயே உதவாதவள் ஈட்டிக்காரி, இரண்டாவது ஊரில் அவளை அனுப்பிவிட்டு வில்லாளியைச் சேர்த்துக்கொள். கண்டக்டரிடம் இதைச் சொன்னேன்.

"பாத்தேன் சார். அந்த ஊர்ல ஒரு பட்டன் வருது. அனுப்புன்னு போட்டிருக்கு. நம்ம வீட்டுல கடைக்குப் போறவங்களையே போன்னு சொல்ல மாட்டோம், போயிட்டு வாங்கன்னுதான் சொல்வோம். இதுல திரும்பி வான்னு பட்டனே இல்ல. நான் எப்படி சார் அமுக்குவேன்?"

நான் அனுப்பவில்லை. அவளை வேறு விதமாகப் பயன்படுத்தலாம் என்று குறிப்பு சொன்னது. வழியில் கிடைக்கும் வாள், கேடயம், கவசம் எல்லாவற்றையும் அவள் முதுகில் ஏற்றலாம். அவளுக்குப் பிடித்த காட்டுப்பூவைப் பறித்து நீட்டினால் கோடு வளரும். நான் மூட்டையையும் கொடுத்தேன், பூவையும் கொடுத்தேன். மூன்றாவது ஊரின் வாசலில் அவள் நின்றாள். மூட்டையை இறக்கி வைத்தாள். "உனக்கு வேண்டியது ஒரு கழுதை" என்றாள். போய்விட்டாள். காவிரிப் பாலத்தின் மேல் பஸ் போய்க்கொண்டிருக்கும்போது இதைக் கண்டக்டரிடம் சொன்னேன். துக்கம் கேட்பவர் போலக் கேட்டுக்கொண்டார்.

"எத்தனை வாள் சார் குடுத்தீங்க?"

"பதினேழு."

"நீங்க எத்தனை வச்சிருந்தீங்க?"

"ஒண்ணு."

டிக்கெட்டைக் கிழித்து என் கையில் வைத்துவிட்டு அடுத்த இருக்கைக்குப் போனார்.

அவருடைய வீரனைப் பார்த்தால் பரிதாபமாக இருக்கும். கிழிந்த தோல் சட்டை, துருப்பிடித்த வாள். கிடைத்த நல்ல கவசமெல்லாம் அந்தம்மா மேல் இருந்தது. ஒவ்வொரு சண்டைக்குப் பிறகும் அவர்கள் தீ மூட்டி உட்காரும்போது அவளிடம் பேச ஒரு வாய்ப்பு வரும். நான் அதைத் தாண்டிப் போனவன். அவர் தவறாமல் கேட்பார். பெரும்பாலும் அவள், களைப்பாக இருக்கிறது, நாளை பேசலாம் என்பாள். "சரிங்கம்மா" என்று போனிடம் சொல்லிவிட்டு மூடிவைப்பார். பதினோராவது தடவையோ பன்னிரண்டாவது தடவையோ அவள் வாய் திறந்தாள். சிறுவயதில் குதிரையிலிருந்து விழுந்ததில் இடது தோள் சரியாகக் கூடவில்லையாம். கேடயத்தை அந்தக் கையால் உயர்த்த முடியாதாம்.

மறுநாள் காலை அவர் முகத்தில், இரண்டு வாரமாகத் தேடிய சாவியைக் கண்டெடுத்தவரின் களை இருந்தது.

"சார், நானும் பாத்துக்கிட்டேதான் இருந்தேன். அவங்க அடி வாங்கறதெல்லாம் இடது பக்கத்துலதான். சொல்றதுக்கு வெக்கப்பட்டிருக்காங்க."

"இப்ப என்ன செய்யப் போறீங்க?"

"நான் இடது பக்கம் நின்னுக்கறேன். அவ்வளவுதான்."

அவ்வளவுதான் செய்தார். அதற்குப் பிறகு அந்தம்மாவின் ஈட்டியை நான் பார்த்திருக்கிறேன். சத்திரத்தில் ஏழு நிமிடத்தில் நாலு ஓநாய்.

இனி டிரைவர்.

டிரைவருக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். அகலமான கழுத்து, அதைச் சுற்றி ஈரத்துண்டு, குறைந்த பேச்சு. அவரும் கண்டக்டரும் பன்னிரண்டு ஆண்டுகளாக ஒரே வண்டி. கண்டக்டர் அவரை அண்ணே என்பார். அவர் கண்டக்டரை எதுவும் சொல்லி அழைத்து நான் கேட்டதில்லை, தேவைப்பட்டிருக்காது. ஒரு விசில் என்றால் நிறுத்து, இரண்டு என்றால் போ. நிறுத்தத்தில் கூட்டமாக இருந்து விசில் ஊத முடியாதபோது கண்டக்டர் வண்டியின் தகரத்தில் இரண்டு தட்டு தட்டுவார். அதற்கும் பொருள் 'போ' என்பதுதான்.

ஒரு புதன்கிழமை மாம்பழச் சாலை நிறுத்தத்தில் ஏறும்போது ஒரு பள்ளிக்கூடப் பெண்ணின் செருப்பு கீழே விழுந்தது. அதை எடுத்துத் தரக் கண்டக்டர் இறங்கினார். அந்த நேரத்தில், இடம் கிடைத்த மகிழ்ச்சியிலோ என்னவோ, கல்லூரி மாணவர் ஒருவர் சன்னலுக்கு வெளியே கை போட்டுத் தகரத்தில் இரண்டு தட்டு தட்டினார். பஸ் புறப்பட்டது. ஒருவரையும் விட்டுவிட்டுப் போனதில்லை என்று பேர் வாங்கிய கண்டக்டர் கையில் ஒற்றைச் செருப்புடன் சாலையில் நின்றார்.

பாலம் பாதி கடந்த பிறகுதான் எங்களுக்கே தெரிந்தது. சிந்தாமணியில் இறங்க வேண்டியவர்கள் விசில் வராமல் தவித்தார்கள். "ஊதுறதுக்கு என்ன கேடு அவனுக்கு" என்று டிரைவர் கண்ணாடியைப் பார்த்துத் திட்டினார். யாருக்கும் உண்மையைச் சொல்லத் துணிவில்லை. சத்திரத்தில் நாங்கள் நின்ற நாலாவது நிமிடம், வாழையிலைக் கட்டுகள் ஏற்றிய ஒரு மொபெட் உள்ளே வந்தது. கட்டுகளின் மேல் கண்டக்டர் உட்கார்ந்திருந்தார். செருப்பைப் பெண்ணிடம் கொடுத்தார். பிறகு முன்பக்கம் போய், முழு பஸ்ஸும் கேட்க, "ஏண்ணே, பக்கத்துக்கு ஒண்ணு கண்ணாடி மாட்டியிருக்காங்களே, அது தலை சீவவா?" என்றார்.

பஸ் சிரித்தது. நானும் சிரித்தேன். மறுநாள் ஒருவர் டிரைவர் சன்னலுக்குக் கீழே நின்று, "அண்ணே, சீப்பு வேணுமா?" என்றார். அதற்கடுத்த நாளும் அது தொடர்ந்தது. டிரைவர் கண்டக்டரிடம் பேசுவதையே நிறுத்திவிட்டார். ஒரு வாரம் கழித்து முதலாளியிடம் போய், ஒன்றாம் தேதியிலிருந்து தன்னைச் சமயபுரம் போகும் வண்டிக்கு மாற்றிவிடும்படி கேட்டார். முதலாளி சரி என்றுவிட்டார்.

"இன்னும் இருபத்தி மூணு நாள் சார்" என்றார் கண்டக்டர். அன்று அவர் போனை எடுக்கவில்லை. "பன்னெண்டு வருஷம். ஒரு வாய் வார்த்தைல போச்சு. அந்தம்மாவுக்காச்சும் தலைக்கு மேல ஒரு கோடு இருக்கு, எவ்வளவு மிச்சம்னு பாத்துக்கலாம். அண்ணனுக்கு அதுவும் இல்ல."

அடுத்த பத்து நாள் அவர் செய்ததை, செய்தியாளன் என்ற முறையில் வரிசையாகக் கவனித்தேன். முதலில் பரிசு. டிரைவர் இருக்கையில் ஒரு புது மெத்தை வந்து உட்கார்ந்தது. டிரைவர் அதை எடுத்து இன்ஜின் மூடியின் மேல் வைத்தார். "பன்னெண்டு வருஷமா இல்லாத மெத்தை இப்ப எதுக்காம்?" என்று எனக்கும் கண்ணாடிக்கும் நடுவில் எங்கேயோ பார்த்துக் கேட்டார். மெத்தையின் மேல் ஒரு பாட்டி மெயின்கார்டு கேட் வரை சுகமாகப் போனார். பிறகு, எது சொன்னாலும் ஒத்துப்போவது. மழை வரும்போல என்று டிரைவர் யாரிடமோ சொன்னால், பின்படிக்கட்டிலிருந்து, "கண்டிப்பா வரும்ணே" என்று குரல் வரும். வெயில் பளீரென்று அடிக்கும்.

"நேரா மன்னிப்பு கேட்டுடுங்க" என்றேன் நான்.

எல்லார் முன்னாலும் சொன்னதை எல்லார் முன்னாலும்தான் எடுக்க வேண்டும் என்பது அவர் கட்சி. மறுநாள் காலை பாலத்தின் மேல், நிற்பவர்களை விலக்கிக்கொண்டு முன்னால் போனார். "அண்ணே, அன்னைக்கு நான் சொன்னது தப்பு" என்று தொடங்கினார். டிரைவர் ஹாரனை அழுத்தினார். பாலம் முடியும்வரை விடவில்லை. முன்னால் வண்டி எதுவும் இல்லை.

முன்னால் போனவர் பின்னால் திரும்பவில்லை. அன்றிலிருந்து முன்படிக்கட்டில் நிற்கத் தொடங்கினார். கோபமா, பிடிவாதமா என்று எனக்கு முதலில் விளங்கவில்லை. மூன்றாம் நாள் சத்திரத்தில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து குரலைத் தாழ்த்தினார்.

"சார், அண்ணே இடது கண்ணாடியப் பாக்கறதே இல்ல. தலையையே முழுசாத் திருப்புறாரு. ஸ்டாப்புல ஓரத்துக்கு ஒரு முழம் தள்ளியே நிறுத்துறாரு. முன்னெல்லாம் ஓரத்துல அரிசி மூட்டைய வச்சா அதை ஒட்டி நிறுத்துவாரு. பின்னாடியே நின்னுக்கிட்டு இருந்ததால எனக்குத் தெரியல."

"கண்ணா?"

"அப்படித்தான் இருக்கும். இதை நான் கண்ணாடி, சீப்புன்னு கிண்டல் பண்ணியிருக்கேன்." விசில் கயிற்றை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தார். "பாத்துக்கிட்டே இருந்தும் தெரியாம போச்சு சார்."

அவர் முன்படிக்கட்டில் நின்றதற்குக் காரணம் இருந்தது. டிரைவருக்கு இடப்பக்கம் அது. அங்கே நின்று வண்டியின் இடது ஓரத்தை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டு வந்தார். "லெஃப்ட்ல ஆட்டோ. போயிருச்சு. சைக்கிள் ஒண்ணு, நிக்குது. ஒரு சாண் வரலாம், வரலாம், போதும். ரைட்." பயணிகள் இது ஏதோ புது விதி என்று நினைத்துக்கொண்டார்கள். டிரைவர் காதில் விழாதவர் போலவே ஓட்டினார். ஆனால் நான்காவது நாள், கண்டக்டர் டிக்கெட் கொடுக்கப் பின்னால் போயிருந்தபோது, சிந்தாமணி திருப்பத்தில் வண்டி தயங்கி நின்றது. குரல் வரும்வரை நகரவில்லை.

எனக்கு அது சிரிக்கும் விஷயமாகத் தோன்றவில்லை. "இதை முதலாளிகிட்ட சொல்ல வேண்டாமா? வண்டியில நாப்பது பேர் போறோம். சமயபுரம் வண்டின்னா ஹைவே வேற. அங்க இந்த மாதிரி யார் நிக்கப் போறாங்க?" என்றேன்.

"அதனாலதான் சார் நானும் நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு இருக்கேன். சொல்லித்தான் ஆகணும். ஆனா நான் போய்ச் சொன்னா அண்ணனுக்கு இருக்கற மரியாதையும் போயிரும். அவரே சொல்லட்டும். சனிக்கிழமை வரைக்கும் குடுங்க. அதுக்குள்ள நடக்கலைன்னா நீங்க சொல்ல வேணாம், நானே போறேன்."

செவ்வாய்க்கிழமை அது. நான் சனி வரை என்று குறித்துக்கொண்டேன். அந்த நாலு நாளும் நானும் இடப்பக்கச் சன்னலோரம் உட்கார்ந்து சாலை ஓரத்தைப் பார்த்துக்கொண்டே போனேன்.

சனிக்கிழமை எட்டு பத்து வண்டியில் வேறு டிரைவர், வேறு கண்டக்டர். விடுப்பு என்றார்கள். பதினொன்று இருபதுக்கு ஒரு செய்திக்காக அலுவலகத்தை விட்டு வெளியே வந்தேன். தென்னூரில் கண் மருத்துவமனை ஒன்றின் எதிரில் டீக்கடை. டிரைவர் மருந்து விட்ட கண்களைச் சுருக்கிக்கொண்டு, டீ கிளாஸை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றிருந்தார். அவருடைய இடது கை கண்டக்டரின் தோளில் இருந்தது.

"யாரு?" என்றார் டிரைவர்.

"நம்ம பேப்பர் சார்."

"பேப்பர்ல போட்டுறாதீங்க" என்றார் டிரைவர் எனக்கு வலப்பக்கம் இருந்த மின்கம்பத்திடம்.

அவர் உள்ளே மறுபடி கூப்பிடப்பட்டுப் போனதும் கேட்டேன், எப்படிச் சம்மதிக்க வைத்தீர்கள் என்று.

"கேட்டேன் சார். வேற ஒண்ணும் பண்ணல. மத்தியானம் சென்ட்ரல்ல அவரு தனியா உக்காந்துதான் சாப்பிடுவாரு. பக்கத்துல போய் உக்காந்து, 'கண்ணு எப்படிண்ணே இருக்கு?'ன்னு ஒரு தடவ கேப்பேன். அவ்வளவுதான், வேற பேச மாட்டேன். மூணு நாளு டிபன் பாக்ஸைத் தூக்கிக்கிட்டு எழுந்து போயிட்டாரு. நேத்து ரசம் சோறு பாதில இருந்துச்சு, எழுந்திரிக்க முடியல. 'இடது பக்கம் புகையா இருக்குடா'ன்னாரு."

"அப்புறம்?"

"அப்புறம் அழுதாரு. அதை விடுங்க சார்."

கண்ணில் புரை தொடக்கம். இப்போதைக்குக் கண்ணாடி போட்டால் ஓட்டலாம், ஆறு மாதம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். முதலாளியிடம் டிரைவரே போய்ச் சீட்டைக் காட்டினார். கண்ணாடி தயாராகும்வரை அவர் வண்டி எடுக்கவில்லை. அந்த ஆறு நாளும் மாற்று டிரைவர் பாலத்தின் மேல் நாற்பதுக்குக் குறையாமல் பறந்தார். கண்டக்டர் பழையபடி பின்படிக்கட்டில் நின்றார்.

டிரைவர் திரும்பிய நாள் காலை, அவர் ஏறுவதற்கு முன் கண்டக்டர் பஸ்ஸின் நடுவில் நின்று அறிவித்தார். "இன்னைக்கு அண்ணே முகத்துல புதுசா ஒண்ணு இருக்கும். யாரும் ஒண்ணும் சொல்லக்கூடாது. சிரிக்கக்கூடாது. பாக்கவும் கூடாது. சீப்பு கேட்ட ஆளு யாரு? நீங்கதான? நீங்க இறங்கி அடுத்த வண்டியில வாங்க."

சீப்பு கேட்டவர் இறங்கவில்லை, ஆனால் கடைசி இருக்கைக்குப் போய்விட்டார். கறுப்புச் சட்டமிட்ட கனத்த கண்ணாடியுடன் டிரைவர் ஏறினார். முப்பத்தைந்து பேர் ஒரே நேரத்தில் சன்னல் வழியாக ராஜகோபுரத்தைப் பார்த்தோம். டிரைவர் இருக்கையில் உட்கார்ந்து இரண்டு பக்கக் கண்ணாடிகளையும் துண்டால் துடைத்தார். மாம்பழச் சாலையில் ஓரத்தை ஒட்டி நிறுத்தினார். ஆனால் கண்டக்டரிடம் பேசவில்லை. சமயபுரம் வண்டி பற்றியும் ஒரு சொல் இல்லை. முதலாளியின் பட்டியலில் பெயர் அப்படியே இருந்தது.

"கண்ணு சரியாச்சு. கோவம் சரியாகல போல" என்றேன்.

"கோடு தெரியாதுல்ல சார்" என்றார்.

அந்த ஆண்டின் இறுதியில் நான் வேறு ஊருக்குப் போனேன். பிறகு ஒருமுறை போனில் பேசியபோது விளையாட்டை முடித்துவிட்டீர்களா என்று கேட்டேன். கடைசிக் கோட்டையின் கதவுக்கு முன்னால் இரண்டு பேரும் நிற்பதாகச் சொன்னார். எவ்வளவு நாளாக என்றேன். ஏழெட்டு மாதம் இருக்கும் என்றார். "உள்ள போனா கதை முடிஞ்சிரும். முடிஞ்சா அந்தம்மா எங்க சார் போவாங்க?" அவ்வப்போது திறந்து, தீ மூட்டி, களைப்பாக இருக்கிறதா என்று கேட்டுவிட்டு மூடுகிறாராம்.

நான் சொல்ல வந்தது, டிரைவர் கண்ணாடி போட்டு வந்த அந்த மாதத்தின் கடைசி நாளைப் பற்றி.

எட்டரைக்குச் சத்திரம். மஞ்சள் புடவை கட்டிய ஒரு பெண்மணி சமயபுரம் போவதற்காக இறங்கிப் போனார். அவர் உட்கார்ந்திருந்த இருக்கைக்கு அடியில் ஒரு ஒயர்கூடை இருந்தது. தேங்காய், பழம், மாரியம்மனுக்கு ஒரு சிவப்புத் துணி. எட்டு முப்பத்து நாலுக்குக் கண்டக்டர் அதைப் பார்த்தார். எடுத்துக்கொண்டு ஓடினார். நிலையத்தின் அந்தக் கோடியில் சமயபுரம் வண்டிகள் நிற்கும்.

எட்டு முப்பத்தேழு. டைம் கீப்பர் கையை ஆட்டினார். தனியார் வண்டிகளுக்கு நிமிடம் என்பது விளையாட்டல்ல. நாம் தாமதித்தால் பின்னால் வரும் வண்டியின் ஆட்களை நாம் ஏற்றிக்கொள்வோம், அது சட்டைக் காலரைப் பிடிக்கும் சண்டை வரை போகும். பின்னால் நின்ற வண்டி ஹாரன் அடிக்கத் தொடங்கியது. பின்னிருக்கையில் யாரோ பொறுமையிழந்து தகரத்தில் தட்டினார்கள். இரண்டு தட்டு.

டிரைவர் இடது கண்ணாடியைப் பார்த்தார். மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு மறுபடி பார்த்தார். சாவியைத் திருப்பி இன்ஜினை அணைத்தார்.

டைம் கீப்பர் சன்னலுக்கு வந்துவிட்டார். "என்னண்ணே, வண்டி ரிப்பேரா?"

"இல்ல."

"அப்ப எடுங்க. பின்னாடி அவன் கத்துறான் பாருங்க."

"எங்க ஆளு இன்னும் ஏறல" என்றார் டிரைவர்.

எட்டு நாற்பதுக்குக் கண்டக்டர் சட்டை நனைந்து ஓடி வந்தார். வண்டி போயிருக்கும் என்று நினைத்து வந்தவர். அது நின்ற இடத்திலேயே நிற்பதைப் பார்த்து ஓட்டம் நடையானது. இன்ஜின் சத்தம் இல்லாததைக் கவனித்தபோது நடையும் நின்றது. பிறகு முன்படிக்கட்டில் ஏறினார். மூச்சு வாங்கியது. பழக்கம் விடவில்லை, வெளியே சாய்ந்து, நிலையம் முழுவதையும் ஒருமுறை பார்த்தார்.

"ஏறியாச்சா?"

"நீ ஏறிட்டியாடா?" என்றார் டிரைவர், திரும்பாமல்.

கண்டக்டர் விசிலை வாயில் வைத்தார். காற்று வரவில்லை. தகரத்தில் இரண்டு தட்டு தட்டினார்.

வண்டி எட்டு நாற்பத்தொன்றுக்குப் புறப்பட்டது. மறுநாள் ஒன்றாம் தேதி. சமயபுரம் வண்டியை வேறொருவர் ஓட்டினார்.